கொளிஞ்சிப்பள்ளத்தில் தண்ணீர் வந்த வருடம்

நவம்பர் 3, ஞாயிறு

தலைமையாசிரியர் நேற்று வீட்டுக்கு வந்தார். காபியைக் குடித்து முடித்த பிறகும் டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். பள்ளியின் நூற்றாண்டு மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டுமாம். "நம்ம ஊர்ப் பள்ளத்தப் பத்தி எழுதுங்க டீச்சர். மரஞ்செடி, பறவை, பழைய கதை எல்லாம். உங்களுக்கும் மனசுக்கு ஒரு மாத்தமா இருக்கும்" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. முகம் செத்துப்போய்விட்டது. பாவம், நல்ல மனிதர். எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

எழுத வேண்டுமென்றால் பள்ளத்தைத் தலையிலிருந்து வால்வரை நடந்து பார்க்க வேண்டும். இனிமேல் எதற்கு நடக்கிறாய் என்று என்னை யாரும் கேட்க முடியாது.

கொளிஞ்சிப்பள்ளம் என்கிற எங்கள் ஓடை மேற்கே மலையடிவாரத்தில் தொடங்குகிறது. எங்கள் ஊஞ்சப்பாளையத்தை இரண்டாக வகுந்துகொண்டு கிழக்கே போய் வெட்டுக்குளத்தில் முடிகிறது. இருபது கிலோமீட்டர் இருக்கலாம். இருபது வருடத்துக்கு மேலாக அதில் பொட்டுத் தண்ணீர் கிடையாது. போன மாதம் 22ஆம் தேதி வந்தது. ஊரில் சுள்ளென்று வெயில். மழை பெய்தது மலையில். அந்த நேரத்தில் என் மகள் தாரணி கல்லூரிப் பேருந்திலிருந்து இறங்கி, தினமும் வருகிற மாதிரி, பள்ளத்துக்குள்ளேயே நடந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். தீயணைப்புக்காரர்கள் மூன்று நாள் தேடினார்கள். தடுப்பணை முள்ளில் அவளுடைய பை மாட்டியிருந்தது. அவள் இல்லை.

எல்லோரும் ஒரு வார்த்தை சொல்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். நான் தாவரவியல் டீச்சர். செடியைக் கண்ணால் பார்க்காமல் பெயர்ச்சீட்டு ஒட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை.

நவம்பர் 5, செவ்வாய்

தோசை மாவு புளித்துப்போய்விட்டது. கொட்டினேன். அரிசி அளக்கும்போது கை இன்னும் மூன்று பேருக்கே போகிறது. பிளஸ் ஒன்னுக்கு ஒளிச்சேர்க்கை ஆரம்பித்தாயிற்று. பின்பெஞ்சில் இரண்டு பெண்கள் என்னைப் பார்த்து அழுதார்கள். அழுகிறவர்கள் வெளியே போய் அழுதுவிட்டு வாருங்கள் என்றேன்.

நவம்பர் 10, ஞாயிறு

தடுப்பணையிலிருந்து கீழே, வடகரையோடு நடந்தேன். சீமைக்கருவேல மரங்களை வேரோடு பிடுங்கிக் குவித்திருக்கிறது தண்ணீர். அவற்றுக்கு நடுவில் பழைய நீர்மருதுகள் ஒரு கிளை ஒடியாமல் நிற்கின்றன. அவை இந்தப் பள்ளத்துப் பிள்ளைகள், தண்ணீருக்கு எப்படி நிற்பது என்று தெரியும். சீமைக்கருவேலம் வறட்சிக்கு வந்தது. அது தண்ணீரைப் பார்த்ததே இல்லை.

முள் குவியல்களில் சிக்கியிருந்தவை: பிளாஸ்டிக் குடம், கோழிக்கூண்டு, சாமி படம், கட்சிக்கொடி, ஏகப்பட்ட துணி. துணி ஒவ்வொன்றையும் குச்சியால் எடுத்து விரித்துப் பார்த்தேன். நீலம், பச்சை, பழுப்பு. பள்ளத்தில் என்னென்ன குப்பை சேர்கிறது என்பதும் கட்டுரைக்கு வேண்டியதுதானே.

மழைக்கோட்டு, குடிதண்ணீர், ஸ்கூட்டர் எல்லாம் தோதாக இருக்கின்றன. ஸ்கூட்டரில் பெட்ரோல் தீரவே மாட்டேன் என்கிறது. இப்படி மைலேஜ் கொடுக்கிற வண்டியைச் செய்தவனுக்கு ஒரு மாலை போடலாம்.

நவம்பர் 14, வியாழன்

கமலவேணி அக்கா வந்தாள். என் கணவரின் அண்ணன் மனைவி. வரும்போதே சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"வசந்தா, நாஞ் சொல்றேன்னு கோவிச்சுக்காத சாமி. தையில எம்பையன் கௌதமுக்குக் கண்ணாலம். பொண்ணூட்டுக்காரங்க கேக்கறாங்க. பங்காளி ஊட்டுல எழவு விழுந்து, கருமாதி ஆவாம, எப்படி முகூர்த்தக்கால் நடறதுன்னு."

"எழவு எங்கக்கா விழுந்துச்சு?" என்றேன்.

அவள் அழுதாள். நிஜமாகவே அழுதாள். "நானுந்தான் அவளத் தூக்கி வளத்துனேன்" என்றாள். அது உண்மைதான். அழுது முடித்து மூக்கைத் துடைத்துவிட்டு, கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சேலைகளைப் பற்றிச் சொன்னாள். மாம்பழக் கலரில் ஒன்று எனக்காம். சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

நவம்பர் 17, ஞாயிறு

கட்டுரைக்கு மனிதர்களைப் பற்றிய குறிப்பு.

பள்ளத்தை நம்பித்தான் இந்த ஊரே வந்தது. கரையோரக் கிணறுகளில் கையை விட்டே தண்ணீர் மொள்ளலாமாம். வெற்றிலைக் கொடிக்கால், கரும்பு, மஞ்சள். அப்புறம் ஆழ்குழாய் போட்டார்கள். ஒருவர் முந்நூறு அடி போட்டால் பக்கத்துக் காட்டுக்காரர் ஐந்நூறு. மலையடிவாரத்தில் காட்டை அழித்துச் சுற்றுச்சுவர் எழுப்பினார்கள். பள்ளம் வறண்டது.

வறண்ட பள்ளம் சும்மா கிடக்குமா? பேருந்து நிறுத்தத்துக்கு அதுதான் குறுக்குவழி. முதலில் ஆடு போயிற்று, பிறகு ஆள், பிறகு வண்டி. பஞ்சாயத்தில் கிராவல் கொட்டினார்கள். விளக்குக் கம்பம்கூட நட்டார்கள். பள்ளத்துக்குள் தெருவிளக்கு வைத்த ஊர் உலகத்திலேயே எங்கள் ஊர் ஒன்றாகத்தான் இருக்கும். தாரணி வயதுப் பிள்ளைகளுக்கு அது பள்ளமே இல்லை, பஸ் ஸ்டாப் ரோடு.

தண்ணீர் வருகிறது என்று மேலூரிலிருந்து அன்றைக்குப் போன் வந்தது. ஊரே மேல்பாலத்துக்கு ஓடியது. தப்பு மேளம் அடித்தார்கள். தேங்காய், பூ, மஞ்சள். பெரிய மனிதர்கள் சின்னப் பிள்ளைகளாகக் குதித்தார்கள். முதல் தண்ணீருக்குக் கற்பூரம் காட்டி வரவேற்பது இந்தப் பக்கத்து வழக்கம். கற்பூரத் தட்டை யார் பிடித்தார் என்பது கட்டுரைக்குத் தேவையில்லை.

நான் அப்போது பள்ளியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தப்புச் சத்தம் கேட்டது. ஏதோ கோயில் விசேஷம் என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

நவம்பர் 20, புதன்

கத்தரிக்காய்க் குழம்பு. என் கணவர் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்துபோகிறார். தினமும் இப்படித்தான். மேசையில் வைத்துவிடுகிறேன். வேண்டுமானால் சாப்பிடட்டும், வேண்டாமானால் போகட்டும். நான் பரிமாறினால் அவருக்கும் பேச வேண்டியிருக்கும், எனக்கும் பேச வேண்டியிருக்கும்.

நவம்பர் 24, ஞாயிறு

பழைய கதை கேட்கப் போனேன். பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்ற சிங்காரம், பள்ளத்தங்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். நிறையப் பேசுவார், பாதி பொய் என்று ஊரில் சொல்வார்கள். இன்றைக்குச் சொன்னது பொய்யாக இருந்திருக்கலாம் என்று இப்போதும் ஆசைப்படுகிறேன்.

"அந்தக் காலத்துல பாறைக்காட்டுல தண்ணி தலை காட்டுனதுமே தப்பு அடிப்பாங்க டீச்சர். நின்னுட்டு இல்லீங்க. அடிச்சுட்டே ஓடோணும். தண்ணிக்கு முன்னால கரைமேல ஓடறதுக்குன்னே ஆளுங்க இருப்பாங்க. ஒருத்தனுக்கு மூச்சு வாங்குனா அடுத்த ஊருக்காரன் அடிச்சுட்டு ஓடுவான். வெட்டுக்குளம் வரைக்கும் அந்தச் சத்தம் போயிரும். பள்ளத்துல மாடு நிக்கும், துணி தொவைப்பாங்க, புள்ளைங்க வெளையாடும். சத்தங் கேட்டதும் எல்லாம் மேல ஏறிக்கும். அதுக்கப்பறந்தானுங்க பூவு, கற்பூரம் எல்லாம்."

"அப்ப போன மாசம் ஏன் யாரும் ஓடலைங்க?"

"வருசக்கணக்கா தண்ணியே வல்லையே. தப்பு அடிக்கோணுங்கறது ஞாபகம் இருந்துச்சு. ஓடோணுங்கறது..." என்று நிறுத்திக்கொண்டார். அதற்குமேல் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டு வாசலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அட பாவிகளா! எச்சரிக்கையைக் கொண்டாட்டம் என்று நினைத்து ஒரே இடத்தில் நின்று அடித்திருக்கிறார்களே. அந்த மேளச் சத்தத்தில் தண்ணீர்ச் சத்தம்கூடக் கேட்டிருக்காது.

வீட்டுக்காரர் வராந்தாவில் உட்கார்ந்து மிளகாய் ஆய்ந்துகொண்டிருந்தார். சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வந்தது. சொன்னால் அந்த மனிதர் அதோடு போய்விடுவார். சொல்லவில்லை. கட்டுரையிலும் எழுதப்போவதில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

உயிரினங்கள். முதல் மழையோடு மண்ணுக்குள்ளிருந்து தவளைகள் எழுந்து வந்துவிட்டன. இத்தனை வருடம் அடி ஆழத்தில் உடம்பைச் சுருட்டிக்கொண்டு கிடந்தவற்றின் வம்சம். நண்டு வளைகள் கரை முழுக்க. நத்தை. கெண்டைக் குஞ்சுகள் எந்தக் குட்டையில் பிழைத்திருந்து வந்தனவோ, கூட்டமாக மேயும். கொக்கு, நீர்க்காகம், இரண்டு மீன்கொத்தி. வாலாட்டிக் குருவி மலைக்கு அப்பாலிருந்து வந்து, நேற்றுத்தான் விட்டுப்போன இடம் போல நடக்கிறது. நாணல் பூத்திருக்கிறது.

இதையெல்லாம் பார்க்கத்தானே இத்தனை வருடம் ஏங்கினேன்? வகுப்பில் படம் வரைந்து காட்டுவேன், பிள்ளைகள் கொட்டாவி விடும். இப்போது எல்லாம் வந்துவிட்டன. தண்ணீரோடு போனதெல்லாம் மிச்சமில்லாமல் திரும்பி வருகிறது, தவளைகூட வருகிறது. தவளையைப் பார்த்து ஒரு பொம்பளை பொறாமைப்படுகிறாள் என்றால் சிரிப்பார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

டிசம்பர் 8, ஞாயிறு

ரயில் பாலம் வரைக்கும் இரண்டு கரையும் முடித்தேன். தென்கரையில் நாணல் புதருக்குள் இறங்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆடு மேய்க்கிற ஒருவர் மேலே நின்று கேட்டார். "என்னங்கம்மிணி தேடறீங்க?"

"செடிங்க" என்றேன்.

"என்ன செடிங்க?"

வாயில் ஒரு பெயரும் வரவில்லை. இருபத்தைந்து வருடம் பாடம் நடத்தியவளுக்கு ஒரு செடி பெயர் வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கையிலிருந்த தொரட்டியை எனக்கு நீட்டினார். "கைய உட்டுப் பாக்காதீங்க, பாம்பு கெடக்கும். இத வெச்சுப் பாருங்க" என்றார். மாலையில் திருப்பிக் கொடுத்தேன்.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். ஊரில் பள்ளத்துத் தண்ணீரில் விளக்கு விட்டார்களாம். நான் ஜன்னல்களைச் சாத்திவிட்டேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

வீடு நிறையப் பங்காளிகள். முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள், என்னிடம் கேட்பதாக ஒரு பாவனை. தர்ப்பையில் ஓர் உருவம் கட்டி, அதற்கு மஞ்சள் பூசி, தண்ணீர் ஊற்றி, செய்ய வேண்டியதைச் செய்துவிடலாம் என்று பண்டாரம் சொன்னாராம். பொங்கல் கழிந்து ஜனவரி 20, திங்கள். நான்தான் தாய், நான்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

"புல்லுக்கு நான் ஊத்தமாட்டேன்" என்றேன்.

பங்காளிகளில் பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். கமலவேணி அக்கா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அந்தப் புள்ள ஆவி அலையறதுக்கு உடப்போறயா? இங்க பாரு, தம்பியப் பாரு. கற்பூரங் காட்டுனதுக்கு அவரு என்ன பண்ணுவாரு? ரெண்டு மாசமாச்சு, அவருகூட ஒரு வார்த்த பேசுனயா நீயி? ஒரே ஊட்டுக்குள்ள இருந்துட்டு!"

சட்டினிக்குத் தேங்காய் திருகினேன். கை விரலையும் சேர்த்துத் திருகிக்கொண்டேன்.

எல்லோரும் போன பிறகு அவர் வந்து அடுப்படி வாசலில் நின்றார். "உனக்கு வேண்டாமுன்னா வேண்டாம்னு சொல்லிர்றேன்" என்றார். நான் விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தேன். அவர் திரும்பிப் போய்விட்டார்.

டிசம்பர் 29, ஞாயிறு

காலையில் சீக்கிரம் கிளம்பலாம் என்று கொல்லைக்குப் போனேன். அவர் என் ஸ்கூட்டர் பக்கத்தில் குந்தியிருந்தார். மோட்டார் பைக்கிலிருந்து டியூப் போட்டு வாயால் உறிஞ்சி, பாட்டிலில் பிடித்து, என் வண்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார். டயருக்குக் காற்றும் அடித்திருந்தார். மழைக்கோட்டைத் துவைத்து மடித்து சீட்டுக்கடியில் வைத்திருந்தார்.

நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. திரும்பி வந்து உள்ளே பாத்திரத்தைச் சத்தமாகப் போட்டேன். பிறகுதான் வெளியே போனேன்.

இன்றைக்கு எங்கும் நடக்கவில்லை. கிளம்பிப் போய் ரயில் பாலத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 5, ஞாயிறு

தண்ணீர் மெலிந்துவிட்டது. கரையோரம் மண் தெரிகிறது, குட்டைகளில் மீன் துடிக்கிறது, பையன்கள் துண்டு விரித்துப் பிடிக்கிறார்கள். இரண்டு கரையும் கிட்டத்தட்ட முடித்துவிட்டேன். பாக்கி இருப்பது வெட்டுக்குளம் ஒன்றுதான். அது வேறு ஸ்டேஷன் எல்லை. அந்தப் பக்கத்துக்கும் தகவல் கொடுத்திருக்கிறோம் என்று போலீசில் சொன்னார்கள்.

குளம் கட்டுரைக்குத் தேவையில்லை. பள்ளம் அதில் முடிகிறது, அவ்வளவுதானே. முடிகிற இடத்தில் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது? அதையும் பார்த்துவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே போவேன்?

ஜனவரி 11, சனி

கட்டுரை எங்கே என்று தலைமையாசிரியர் கேட்டார். ஆறு பக்கம் கொடுத்தேன். "அருமை டீச்சர், ஆனா திடீர்னு நின்னுபோன மாதிரி இருக்கே" என்றார். ஆமாம் என்றேன்.

ஜனவரி 16, வியாழன்

இன்றைக்குப் பூநோம்பி. மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் பெண்பிள்ளைகள் ஆவாரம்பூ பறித்துக்கொண்டு, கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு தண்ணீர் இருக்கிற இடத்துக்குப் போய்க் கும்மியடிப்பார்கள். இத்தனை வருடம் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் ஒப்புக்கு நடந்தது. இந்த வருடம் பள்ளத்திலேயே. விடிந்ததிலிருந்து எங்கள் வீட்டைத் தாண்டிப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே போனார்கள். எங்கள் வாசலுக்கு வரும்போது மட்டும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. வண்டியை எடுத்தேன். பள்ளம் முழுக்க ஆள். போக வேறு இடம் இல்லாமல்தான் வெட்டுக்குளத்துக்குப் போனேன்.

குளத்து மேட்டில் பத்துப் பதினைந்து கூரை வீடுகள். மீன் பிடிக்கிறவர்கள். பூவரச மரத்தடியில் அவர்கள் வீட்டுப் பெண்கள் கும்மியடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு கல். மஞ்சள் பூசி, கழுத்து மாதிரி இருந்த இடத்தில் ஆவாரம்பூ மாலை போட்டு, முன்னால் கண்ணாடி வளையல் வைத்திருந்தார்கள்.

என் வயதுக்காரி ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு வந்தாள். மாரக்கா என்று கூப்பிட்டார்கள். "வாங்கம்மிணி. நோம்பி நாளும் அதுவுமா ஒத்தையில நிக்கறீங்க. ஒரு வாய் சோறு உண்ணுட்டுப் போங்க."

"இது என்ன சாமிங்க?" என்றேன்.

"கன்னிமாருங்க. புதுசு. தண்ணியோட வந்த சாமி." சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நீங்க போலீசுக்காரங்க ஊட்டு ஆளு இல்லீங்களே?"

"டீச்சருங்க."

"அப்பச் சரி" என்று உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். உட்காராமல் இருக்க முடியவில்லை.

"தண்ணி வந்து ரெண்டாம் நாளு, வெடியால எங்கூட்டுக்காரரு வலை எடுக்கப் போனாருங்க. ஆகாயத்தாமரைக்குள்ள கெடந்துச்சு புள்ள. நாங்க ஏலம் எடுக்காம மீன் புடிக்கறோமுங்க. போலீசுக்குச் சொன்னா எங்களையத்தான் மொதல்ல உள்ள வெப்பாங்க. குளத்தச் சுத்தியிருக்கற ஊருல நைசா விசாரிச்சோம், அதுக்கு மேல போய்க் கேக்கப் பயமுங்க. ஆரு ஊட்டுலயும் புள்ளையக் காணாமுன்னு சொல்லலைங்க. வெச்சுட்டு இருக்க முடியுமுங்களா? கண்ணாலம் ஆவாத புள்ளைன்னு கழுத்தப் பாத்தாவே தெரிஞ்சுது. எரிக்கலைங்க. இங்கயே அடக்கம் பண்ணி, கல்லு வெச்சோம்."

நான் எதையும் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

"மூஞ்சியப் பத்தி நாஞ் சொல்லமாட்டனுங்க. ஒண்ணு மட்டும் மறக்கவே மாட்டேங்குது. அந்தப் புள்ள சுடிதாருக்குப் பாக்கெட்டு வெச்சுத் தெச்சிருந்தாங்க. பசங்க சட்டையாட்ட, ரெண்டு பக்கமும். கடையில அப்படி விக்கறதில்லீங்க. அவங்கம்மாதான் தெச்சு உட்டிருப்பா. அவ எங்க இருக்கறாளோ, எப்படித் தேடறாளோன்னு அன்னிக்கெல்லாம் அழுதேன்."

போனைக் கையிலேயே தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமா, பொம்பளைத் துணிக்கு ஏன் பாக்கெட் வைப்பதில்லை, எவன் போட்ட சட்டம் என்று ஜூன் மாதம் என்னோடு சண்டைக்கு வந்தாள். நீ தைக்காவிட்டால் நான் சட்டை போட்டுக்கொண்டு காலேஜுக்குப் போவேன் என்றாள். துணி போதவில்லை. உட்பக்கத்துக்கு என் பழைய உள்பாவாடையைக் கிழித்துத் தைத்தேன்.

"பாக்கெட்டுக்கு உள்பக்கம் என்ன துணிங்க?" என்று கேட்டேன்.

மாரக்கா என் முகத்தையே பார்த்தாள். கும்மி நின்றுபோனது. யாரோ ஒரு பெண் சோற்றுத் தட்டோடு அப்படியே நின்றாள்.

"ஊதாப்பூ போட்டதுங்க" என்றாள்.

என் மகள் தாரணி இறந்துவிட்டாள். அக்டோபர் 22ஆம் தேதியே இறந்துவிட்டாள். இத்தனை நாள் நான் கட்டுரைக்கு நடக்கவில்லை, அவளைத்தான் தேடினேன். உயிரோடு தேடினேன். எங்கேயாவது கரையேறி, யார் வீட்டிலாவது, பெயர் மறந்து உட்கார்ந்திருப்பாள் என்று பைத்தியக்காரி மாதிரி தேடினேன்.

அந்த மண்ணில் விழுந்து அழுதேன். அந்தப் பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு அழுதார்கள். யாரும் அழாதே என்று சொல்லவில்லை.

பிறகு கேட்டேன். "யாருங்க தண்ணி ஊத்துனது?"

"நாந்தானுங்க. தாயி எடத்துல ஆராச்சும் நிக்கோணுமில்லீங்களா? சுடுதண்ணி வெச்சுக் குளிக்க ஊத்தி, தலை சிக்கெடுத்துச் சீவி, எனக்குன்னு எடுத்த புதுச்சேலையக் கட்டித்தான் அனுப்புனோம். ஒத்தையில அனுப்பலைங்க. தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க அம்மிணி."

தப்பா! அவள் கைகளைப் பிடித்து என் முகத்தில் வைத்துக்கொண்டேன். மீன் வாசம். கடைசியாக என் பிள்ளையின் தலையைச் சீவிய கை.

அவருக்குப் போன் செய்தேன். "வெட்டுக்குளத்து மேட்டுக்கு வாங்க" என்றேன். என் குரலைக் கேட்டதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

வந்தார். பைக்கை மேட்டிலேயே நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, தூரத்திலேயே நின்றார். "நான் வரலாமா வசந்தா?" என்று கேட்டார். அவர் பெற்ற பிள்ளையிடம் வர என்னிடம் அனுமதி கேட்டார்.

நான் எழுந்து போனேன். அவர் கல்லைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எங்கப்பாரு தப்புக்காரங்களோட கரைமேல ஓடுவாரு. நானும் சின்னதுல பின்னாலயே ஓடியிருக்கறேன். ஓடோணும்னு எனக்குத் தெரியும் வசந்தா. தண்ணியப் பாத்த சந்தோசத்துல நின்னுட்டேன். ஓடியிருந்தா அவளுக்குக் கேட்டிருக்கும்."

நவம்பரிலிருந்து எதை அவரிடம் சொல்லக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தேனோ, அது அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்துபோயிருக்கிறார்.

"எனக்குக் கோவம் போகலைங்க" என்றேன்.

"போகாது" என்றார்.

"வாங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து, பிள்ளை பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். மாரக்கா கொஞ்சம் பொறுத்து இரண்டு இலையில் நோம்பிச் சோறு கொண்டுவந்து வைத்தாள். அவர் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

வரும்போது, தோண்டி எடுக்க வேண்டாம், போலீசுக்கும் போக வேண்டாம் என்றேன். தலையாட்டினார்.

ஜனவரி 20, திங்கள்

பங்காளிகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். பண்டாரம் தர்ப்பைக் கட்டோடு வந்து வராந்தாவில் உட்கார்ந்தார். வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள் என்று என் கணவரே சொன்னார். பெரியவர் சத்தம் போட்டார். கண்டுபிடிச்சாச்சா, எங்கே, யார் வைத்திருந்தார்கள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் இடத்தைச் சொல்லவில்லை. இடத்தைச் சொன்னால் நாளைக்கே குளத்து மேட்டில் ஜீப் வந்து நிற்கும்.

கமலவேணி அக்கா மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"புள்ளைக்கு ஆகவேண்டியதெல்லாம் ஆச்சுக்கா" என்றேன். "குளிப்பாட்டி, தலை சீவி, புதுச்சேலை கட்டி, எல்லாம் அக்டோபர்லயே முடிஞ்சுது. நீங்க கண்ணாலத்துக்கு நாள் குறிங்க."

"அக்டோபர்லயா? ஆரு தண்ணி ஊத்துனா?"

"அவ தாயிதான்" என்றேன்.